பொத்தானுக்குள் அடங்காத வினைச்சொல்

இணையப் படிவமொன்றின் அடியில் இருக்கும் பொத்தான் எங்கே நிற்க வேண்டும், எத்தனை அகலம் கொள்ள வேண்டும் என்பது கணினிப் பொறியாளர்கள் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விடயம் என்றே பலரும் கருதுவர். பத்திரிகைத் தொழிலில் முடி நரைத்த ஒருவன் அதைப் பற்றி, அதுவும் வரலாறு என்ற பெயரில், எழுதப் புகுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் மலையகத் தமிழரின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அந்த மக்களின் வாழ்வு ஒவ்வொரு தலைமுறையிலும் ஏதோவொரு தாளின் மீது, அத்தாளின் ஏதோவொரு மூலையில் முடிவு செய்யப்பட்டிருக்கிறது.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில், கண்டி மாவட்டமும் நுவரெலியா மாவட்டமும் தோள் உரசும் இடத்தில் இருக்கிறது புசல்லாவை. கோப்பிக் காலத்திலேயே பெயர் பெற்ற ஊர். ஐரோப்பிய வங்கிக் குடும்பமான ரொத்ஸ்சைல்டின் பெயரைத் தாங்கிய தோட்டம் அங்கு உண்டு. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியைக் கொண்டுபோயிற்று, தேயிலை வந்தது, கோப்பிக்காக வந்த மக்கள் தேயிலைக்கு மாறினர். அம்மக்கள் முதலில் சந்தித்த தாள் 'துண்டு'. தொழிலாளி பட்டிருக்கும் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் அவரை அழைத்துச் செல்லலாம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அடுத்து வந்தது பிரசாவுரிமைப் படிவம். 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் தோட்டத் தமிழரைப் பெரும்பாலும் வெளியே நிறுத்தியது. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டமான இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் ஒரு வாசலைத் திறந்துவிட்டு, அதில் விண்ணப்பம் என்ற தடையை வைத்தது. மணமானவர் 7 ஆண்டுகள், மணமாகாதவர் 10 ஆண்டுகள் இடையறாது நாட்டில் வதிந்ததைக் காட்ட வேண்டும். கடைசி நாள் 1951 ஓகஸ்ட் 5. முதலில் புறக்கணிப்பு என்று சொன்ன இலங்கை இந்தியக் காங்கிரஸ் பின்னர் விண்ணப்பிக்குமாறு கேட்டுக்கொண்டது. ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள், அவற்றில் அடங்கியோர் சுமார் 825,000 பேர். பத்தாண்டுக்கு மேல் நீடித்த விசாரணைகளின் முடிவில் உரிமை பெற்றவர்கள் 134,000 அளவில்தான். எஞ்சியோரை 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000 என்று பங்கிட்டு, 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தது. வெங்காயம் நிறுப்பது போன்ற கணக்கு.

இந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நாடற்றவராய் எஞ்சியிருந்தோர் ஒரு பிரகடனத்தில் ஒப்பமிட்டாலே போதும் என்றாயிற்று. அந்த ஆண்டின் இறுதியில் நடந்த இயக்கத்தில் பத்தே நாளில் சுமார் 190,000 பேர் உரிமை பெற்றனர். மக்கள் மாறவில்லை, படிவம் மாறியது. படிவத்தின் வடிவம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

எழுதப் படிக்க அறியாத பல முதியவர்களின் படிவங்களை வேறு யாரோதான் நிரப்பினர். கங்காணியோ, தோட்டத்துக் கிளாக்கரோ, தொழிற்சங்கப் பிரதிநிதியோ. ஆனால் கடைசிச் செயல் அவர்களுடையது. மை தொட்ட பெருவிரலை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று ஒருவர் காட்ட, அவர்கள் வைத்தார்கள். இணையப் படிவத்தில் அந்தப் பெருவிரலின் இடத்திற்கு வந்திருப்பது பொத்தான். கைத்தொலைபேசி வந்த பிறகு அதைப் பெருவிரலாலேயே அழுத்துகிறோம் என்பது ஒரு விநோதம்.

நிற்க. பொத்தானின் கதைக்கு வருவோம்.

இணையப் பக்கத்தில் படிவம் என்ற ஒன்று பரவலாகப் புழங்கத் தொடங்கியது 1993இல், அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் உருவான மோசாயிக் உலாவியோடு. 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 அதற்கு இலக்கணம் வகுத்தது. 'சப்மிட்', 'ரீசெட்' என்று இரண்டு பொத்தான்கள். சாம்பல் நிறம், சற்றே புடைத்த விளிம்பு. அவற்றை வரைந்தது பக்கத்தை எழுதியவர் அல்லர், கணினியின் இயங்குதளம். எழுத்தோட்டம் எங்கே கொண்டுபோய் விட்டதோ அங்கே அவை நின்றன. அழகில்லை என்று வடிவமைப்பாளர்கள் முகம் சுளித்தனர். ஆனால் அந்தச் சாம்பல் பொத்தானுக்கு ஒரு குணம் இருந்தது. உள்ளே எழுதும் சொல் நீண்டால் தானும் நீளும். எந்த மொழிக்காரனிடமும் அது 'உன் சொல் பெரிது' என்று சொல்லவில்லை.

அக்காலத்தில் இந்தக் குணத்தைத் தமிழர் அனுபவிக்க முடியாமற் போனது வேறு காரணத்தால். யூனிகோடு பரவாத நாட்கள். ஒவ்வொரு தமிழ்த்தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. பக்கத்தின் உடற்பகுதிக்கு அவ்வெழுத்துருவைச் சொல்லிவிட்டாலும் பொத்தான் அதை ஏற்காது. படிவ உறுப்புகள் பக்கத்தின் எழுத்துருவை இயல்பாகப் பெற்றுக்கொள்வதில்லை. தமக்கென்று தனியே சொல்லப்பட வேண்டும். இன்றும் அப்படித்தான். ஆகவே மேலே நல்ல தமிழ், கீழே பொத்தானில் மட்டும் கொம்பும் குறியுமாக விளங்காத கிறுக்கல். சொல்லைப் படமாக வரைந்து பொத்தானாக ஒட்டிவிடுவதே பலர் கண்ட வழி.

அந்தக் காலத்தில் புசல்லாவைக்கு அப்பால், கொத்மலைப் பள்ளத்தாக்கில், இணையம் வானொலி வழியாக வந்து சேர்ந்தது. 1989இல் தொடங்கிய கொத்மலை சமுதாய வானொலி 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையுடன் இணைய இணைப்புப் பெற்றது. நேயர்கள் கேள்வி அனுப்புவர். நிலையத்தார் வலையில் தேடி, ஆங்கிலத்தில் கிடைத்ததைத் தம் மொழியில் விளக்குவர். உலகெங்கும் பேசப்பட்ட முயற்சி. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினிகள் வைக்கப்பட்டன. அங்கும் கிராமத்தவருக்கும் பக்கத்திற்கும் இடையே ஒருவர் இருந்தார். சுட்டி அவர் கையில் இருந்தது. 2003இல் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் தோன்றி, 'நெனசல' நிலையங்கள் ஊர்களில் திறக்கப்பட்ட பிறகே படிவத்தை நேரே சந்திக்கும் வாய்ப்பு பெருகியது.

இதற்கிடையே மேற்கில் சி.எஸ்.எஸ். பிறந்திருந்தது. எழுத்து ஓரிடத்தில், அதன் தோற்றத்தைச் சொல்லும் கட்டளைகள் வேறிடத்தில் என்று பிரிக்கும் பாணித்தாள் மொழி அது. நோர்வேக்காரரான ஹோக்கன் வியூம் லீ 1994 ஒக்டோபரில் முன்மொழிந்தார். ஒல்லாந்தரான பெர்ட் பொஸ் சேர்ந்துகொண்டார். முதற் பதிப்பு 1996 டிசம்பரில் ஏற்கப்பட்டது. அகலம், உள்விளிம்பு, வெளிவிளிம்பு, ஒரு பக்கமாய் ஒதுக்கும் 'ஃப்ளோட்' எல்லாம் அதில் வந்தன. 1998 மே மாதத்து இரண்டாம் பதிப்பு 'பொசிஷன்' என்ற கட்டளையைத் தந்தது. இனி ஒரு பொருளை மேலிருந்து இத்தனை புள்ளி, இடமிருந்து இத்தனை புள்ளி என்று அறைந்து நிறுத்தலாம்.

இங்கேதான் சிக்கல் தொடங்கிற்று. ஆங்கிலத்தில் ஒரு வரியில் முடியும் கேள்வி தமிழில் இரண்டு வரியாகும். கேள்விகள் நீண்டால் அவற்றின் கீழுள்ள கட்டங்கள் இறங்கும். அறைந்து நிறுத்திய பொத்தான் இறங்காது. கடைசிக் கட்டத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். இரண்டு பொத்தான்களை 'ஃப்ளோட்' கொண்டு வலப்புறம் ஒதுக்கினாலோ வரிசையே தலைகீழாகும். மூலத்தில் முதலில் எழுதியது வலக்கோடியில் போய் நிற்கும். கண்ணுக்கு ஒரு வரிசை, விசைப்பலகையின் தத்தல் விசைக்கு வேறு வரிசை. கட்டமொன்றில் எழுதிக்கொண்டிருக்கும்போது 'என்டர்' விசையைத் தட்டினால் இயங்குவது மூலத்தில் முதலாவதாக இருக்கும் சமர்ப்பிப்புப் பொத்தான். அது 'முந்தைய பக்கம்' என்பதாக இருந்தால், முன்னே போக நினைத்தவர் பின்னே போவார். கண்பார்வையற்றவருக்குப் பக்கத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருளும் மூலத்தின் வரிசையைத்தான் பின்பற்றும். ஒரு பொத்தானை இடம் மாற்றுவது பார்வைக்கு மட்டும் உரிய காரியமன்று என்பதைப் பலர் பட்டுத்தான் அறிந்தனர்.

எல்லாவற்றிலும் பொல்லாதது அகலத்தை நிர்ணயிப்பது. ஆங்கிலச் சொல்லை அளந்து, எண்பது புள்ளி போதும் என்று எழுதிவிடுவார்கள். வழிந்தால் மறைத்துவிடு என்று இன்னொரு கட்டளையும் சேரும். ஐ.பி.எம். நிறுவனத்தின் பழைய வழிகாட்டி ஒன்று, பத்தெழுத்துக்குட்பட்ட ஆங்கிலத் தொடர் ஐரோப்பிய மொழிகளுக்குப் போகும்போதே இருமடங்கு, மும்மடங்கு இடம் கேட்கலாம் என்று எச்சரித்திருந்தது. தமிழைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? ஆனால் நீளம் மட்டுமே பிரச்சினை என்று நானும் நெடுநாள் நினைத்திருக்கவில்லை; அதற்குப் புசல்லாவைக் கடைவீதியில் கண்ட ஒரு காட்சி காரணம்.

2012ஆம் ஆண்டளவில் என்று நினைவு. படப்பிரதி எடுப்பதற்காக ஒரு 'கொமியூனிகேஷன்' கடைக்குள் நுழைந்திருந்தேன். உயர்தரம் முடித்த தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி பயிற்சி நெறியொன்றுக்கு இணையத்தில் விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். படிவத்தின் அடியில் இரண்டு பொத்தான்கள். இரண்டிலும் 'விண்ணப்பத்தை' என்ற ஒரே சொல். இரண்டும் ஒரே அகலம், ஒரே நிறம். கணினித் திரையின் சட்டத்தில் கடைக்காரத் தம்பி சிறு கடதாசி ஒன்றை ஒட்டி, அம்புக்குறி போட்டு, 'இத அமுக்கவும்' என்று நீல மையில் எழுதியிருந்தார்.

"என்ன தம்பி இது?" என்று கேட்டேன்.

"ஐயா, ஒன்னு அனுப்புறது, ஒன்னு அழிக்கிறது. இந்தப் புள்ள போன கெழம வந்து அரை மணித்தியாலம் அடிச்சு, மத்தத அமுக்கிருச்சு. எல்லாம் போச்சு. இப்ப ரெண்டாந்தரம்" என்றார்.

'விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்', 'விண்ணப்பத்தை அழிக்கவும்' என்பவைதாம் முழு வாசகங்கள். பொத்தானின் அகலம் முதற்சொல்லோடு முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'சப்மிட் அப்ளிகேஷன்', 'கிளியர் அப்ளிகேஷன்'. அங்கே வினை முதலில் வரும். பின்பகுதி வெட்டுப்பட்டாலும் செய்யவேண்டியது எது என்பது தங்கிவிடும். தமிழில் செயப்படுபொருள் முன்னே, வினை இறுதியிலே. வெட்டு விழுவது சரியாக வினையின் மேல். எதைப் பற்றி என்பது எஞ்சும், என்ன ஆகப்போகிறது என்பது மறையும். சிங்களத்திற்கும் இதே இலக்கணம்தான். 1956 முதல் ஒன்றுக்கொன்று முகம் திருப்பி நின்ற இரு மொழிகளும் இந்தப் பொத்தானின் முன் ஒரே வரிசையில் நிற்கின்றன.

நான் தொழில் பழகிய காலத்தில் பத்திரிகை ஈய எழுத்தில் கோக்கப்பட்டது. பத்தியின் அகலம் இரும்புச் சட்டம் போல, அசையாது. தலைப்பு நீண்டுவிட்டால் கம்போசிட்டர் வந்து "ஒரு சொல்லைக் குறைச்சுத் தாருங்கோ" என்று நிற்பார். அடைமொழியைக் குறைப்போம், பட்டத்தைக் குறைப்போம், வேறு சொல் தேடுவோம். வினையை வெட்டித் தலைப்பு விட எந்த ஆசிரியரும் ஒப்பமாட்டார். எனினும் அங்கே ஒரு மனிதர் வந்து கேட்டார். பாணித்தாளில் எழுதிய எண் யாரையும் கேட்பதில்லை, மறைத்துவிடுகிறது. ஈயத்தின் கட்டாயம் நீங்கிய ஓர் ஊடகத்தில், நீளக்கூடிய பெட்டியை நீளாதே என்று கட்டளையிட்டது நாமேதான்.

அழிக்கும் பொத்தான் எதற்கு என்ற கேள்வியும் இருக்கிறது. இணையப் பயன்பாட்டாய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே, 'ரீசெட்' பொத்தானை ஏறத்தாழ எல்லாப் படிவங்களிலிருந்தும் எடுத்துவிடலாம் என்று எழுதினார். இந்த நாட்டின் படிவங்களில் அது பின்னரும் விடாப்பிடியாக இருந்து வந்ததைக் கண்டிருக்கிறேன். அனுப்பும் பொத்தானின் பக்கத்தில், அதே உருவில், அதே நிறத்தில். தன் பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று பிறப்புச் சான்றிதழைப் பார்த்துப் பார்த்துத் தட்டிய ஒருவருக்கு அது எத்தகைய அண்டை வீடு!

மருந்து இல்லாத நோயன்று இது. 1997 டிசம்பரில் ஏற்கப்பட்ட எச்.டி.எம்.எல். 4.0 'பட்டன்' என்றொரு தனி உறுப்பைத் தந்தது. பழைய வகைப் பொத்தானில் சொல் மடங்காது, இதில் இரண்டு வரியாக மடங்கும். அகலத்திற்கு எண் கொடுக்காமல், சொல்லைச் சுற்றி எழுத்தளவைப் பொறுத்த உள்விளிம்பு கொடுத்தால் பெட்டி தானே அளவெடுத்துக்கொள்ளும். மிகச் சிறிதாகிவிடக் கூடாதென்றால் குறைந்தபட்ச அகலம் சொல்லலாம், அதிகபட்சம் சொல்லவேண்டியதில்லை. உயரத்தையும் இறுக்கக் கூடாது. நம் எழுத்துகளில் மேலே புள்ளியும் கீழே உகரக் கொக்கியும் உண்டு. இறுக்கினால் 'கு' கால் இழக்கும்.

பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இதிலும் ஒரு குறும்பு செய்தது. அதன் ஆறாம் ஏழாம் பதிப்புகளில் பொத்தானிலுள்ள சொல் நீள நீள இருபுறமும் வெற்றிடமும் சேர்ந்து பெருகும். ஆங்கிலச் சொல்லில் அது தெரியாது. தமிழ்ச் சொல்லில் பொத்தான் பக்கத்தையே அடைத்தது. வழிவதைக் காட்டு என்று ஒரு கட்டளை சேர்த்தால் அந்த வீக்கம் வற்றிவிடும். ஏன் என்று எவரும் நேராக விளக்கியதில்லை. தமிழ்ப் பொத்தான் அசிங்கமாக இருக்கிறது, அகலத்தை நிர்ணயித்துவிடு என்று பலர் முடிவுகட்டியதற்கு இந்த உலாவிக்கும் பங்குண்டு என்பது என் ஊகம். 2022 ஜூனில் அது ஓய்வு பெற்றது. அதற்காக வெட்டிய பொத்தான்கள் சில தளங்களில் அதைவிட நீண்ட ஆயுள் பெற்றிருக்கின்றன.

பிறகு 'ஃபிளெக்ஸ்பாக்ஸ்' வந்தது. 2017 மார்ச்சில் முன்னணி உலாவிகளில் 'கிரிட்' வந்தது. பொத்தான்களை ஒரு வரிசையில் நிறுத்தி, இடம் போதாவிட்டால் அடுத்த வரிக்கு இறங்கு என்று இரண்டு கட்டளைகளில் சொல்லிவிடலாம். முதன்மைப் பொத்தானைக் கட்டங்களின் இடவிளிம்போடு நேராக்கி வைப்பதே நல்லதென்பது என் கருத்து; கட்டம் கட்டமாய் இறங்கி வரும் கண் அங்கேதான் வந்து சேரும். கைத்தொலைபேசித் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக, முழு அகலத்திற்கு. 2022 ஜூலையில் எரிபொருள் அனுமதிக்காக இலட்சக்கணக்கானோர் தொலைபேசியில் பதிவு செய்த நாட்களோடு, படிவம் என்றால் கையகலத் திரை என்பது இந்த நாட்டில் உறுதியாகிவிட்டது.

இதை வாசிக்கும் பொறியாள நண்பர் எவரேனும், இத்தனை பாடு எதற்கு, 'அனுப்பு' என்று சுருக்கமாய் எழுதிவிட்டால் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்குமே என்பார். பல தளங்களில் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்கும் புலம்பெயர்ந்தோருக்கும் அதில் உறுத்தல் இராது. தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இருக்கும். 'வா', 'போ', 'கையெழுத்து வை' என்ற ஒருமை ஏவலிலேயே கச்சேரியிலும் தோட்டத்துக் கந்தோரிலும் தலைமுறைகளாகப் பேசப்பட்ட ஒரு சமூகத்திடம், அரசின் படிவம் மீண்டும் ஒருமையில் ஏவுவதா? மரியாதைக்கு நம் மொழி சில எழுத்துகளைக் கூட்டிக் கேட்கிறது. அந்த '-வும்' பொத்தானை அகலமாக்கினால் அகலமாகட்டும்.

அதுவும் இயலாதவர்களுக்கு ஒரு நடுவழியைப் பத்திரிகைக் காரியாலயத்துப் பழக்கத்திலிருந்து சொல்லலாம். 'அனுப்ப' என்ற எச்ச வடிவம் எவரையும் ஏவுவதில்லை, வினையும் வெட்டுப்படாது. நான்கு எழுத்து. 'அழிக்க' என்பதற்கும் அவ்வளவே இடம் போதும், அந்தப் பொத்தான் வேண்டுமென்றே அடம்பிடித்தால்.